அவசரப்பட்டால் அடி விழும்: ஃபயர் ப்ரோ ரெஸ்லிங் ஆடுவது எப்படி

ஃபயர் ப்ரோ ரெஸ்லிங் என்ற வீடியோ கேமை முதல்முறை கையில் எடுப்பவர்கள் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். எதிராளியை நோக்கி விறுவிறுவென்று போய், இருக்கிற பட்டனையெல்லாம் மாற்றி மாற்றி அமுக்குவார்கள். எதிராளி அவர்களைத் தூக்கிப் போடுவான். எழுந்து மறுபடி அமுக்குவார்கள். மறுபடி தூக்கிப் போடுவான். என் அண்ணன் மகன் இதை அரை மணி நேரம் செய்துவிட்டு, "அத்தை, இவன் என்னைத் தொடவே விடமாட்டேங்கிறான். பட்டன் ஏதோ கெட்டுப்போச்சு" என்று கருவியை நீட்டினான். பட்டன் நன்றாகத்தான் இருந்தது. அவன் கட்டைவிரல்தான் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த ஆட்டம் விரல் வேகத்துக்கு மதிப்பெண் போடாது. எப்போது அமுக்குகிறோம், எதை முதலில் அமுக்குகிறோம், எப்போது சும்மா இருக்கிறோம் என்பதுதான் கணக்கு. அது பிடிபட்டுவிட்டால் இதைப்போல ஒரு மல்யுத்த ஆட்டம் கையடக்கக் கருவிகளில் கிடையாது என்பது என் கட்சி. பிடிபடாவிட்டால் அதன் அருமை தெரியாமலே மூலையில் போட்டுவிடுவீர்கள்.

கொஞ்சம் பூர்வீகம். ஃபயர் ப்ரோ என்ற வரிசை 1989இல் ஜப்பானில் பிசி எஞ்சின் என்ற கருவியில் தொடங்கியது. உருவாக்கியவர் மசாதோ மசுதா, நிறுவனம் ஹ்யூமன். அந்த நிறுவனம் மூடப்பட்ட பிறகு ஸ்பைக் நிறுவனம் வரிசையைத் தொடர்ந்தது. நான் பேசுவது நிண்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம் பாய் அட்வான்ஸுக்கு 2001இல் வந்த பதிப்பைப் பற்றி. ஜப்பானில் கருவி கடைக்கு வந்தபோதே கூடவே வந்த ஆட்டங்களில் இதுவும் ஒன்று. அதுவரை ஜப்பானிய எழுத்தைப் பார்த்து விழித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இதன் ஆங்கிலப் பதிப்பும் அதே ஆண்டு கிடைத்தது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியாது. டபிள்யூடபிள்யூஎஃப் தவிர வேறு ரெஸ்லிங் இருக்கிறது என்பதே எனக்கு இந்த ஆட்டம் அடங்கிய கேட்ரிட்ஜ், அதாவது கருவியில் செருகும் சின்ன அட்டை, மூலம்தான் தெரிந்தது. சிங்கப்பூரிலிருந்து பெங்களூர் அல்சூருக்கு வந்த என் மாமா பையன், "நீதான் ரெஸ்லிங் பைத்தியமாச்சே" என்று கொடுத்துவிட்டுப் போனான்.

வாங்குவதும் வைத்திருப்பதும்

பெங்களூரில் பழைய கருவி தேடுபவர்களுக்கு மெஜஸ்டிக் பக்கம் நேஷனல் மார்க்கெட், எஸ்.பி. ரோடு, ஞாயிற்றுக்கிழமை பி.வி.கே. ஐயங்கார் சாலையில் கூடும் சண்டே பஜார் என்று மூன்று இடங்கள் உண்டு. கருவியைவிடக் கேட்ரிட்ஜ் வாங்குவதில்தான் கவனம் வேண்டும், ஏனென்றால் போலி நிறைய. அசல் கேட்ரிட்ஜின் ஸ்டிக்கரைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் அதில் சிறிய எண் ஒன்று அழுத்தப்பட்டிருப்பது தெரியும். அடிப்பக்கம் தங்க நிறப் பற்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றுக்குச் சற்று மேலே உள்ளே எட்டிப் பார்த்தால் பலகையில் நிண்டெண்டோ பெயர் அச்சாகியிருக்கும். போலியிலும் ஆட்டம் ஓடும். ஆனால் பலவற்றில் சேவ் நிற்காது. இந்த ஆட்டத்தில் நீங்களே வீரர்களை உருவாக்கி வைக்கப் போகிறீர்கள், சேவ் நிற்கவில்லை என்றால் வயிற்றெரிச்சல்தான். அதனால் கடையிலேயே போட்டு, ஏதாவது ஒரு மாற்றம் செய்து, அணைத்து, திரும்பப் போட்டுப் பாருங்கள். கடைக்காரர் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும்.

ஆட்டம் கிளம்பவில்லை என்றால் கேட்ரிட்ஜில் வாயால் ஊதாதீர்கள். நாம் எல்லோரும் அப்படித்தான் வளர்ந்தோம், இருந்தாலும் எச்சிலின் ஈரம் அந்தப் பற்களை அரிக்கும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைக் காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடைத்து, காயவிட்டுப் போடுங்கள்.

எந்தக் கருவி? முதல் கேம் பாய் அட்வான்ஸுக்குத் திரைக்குப் பின்னால் விளக்கு கிடையாது. இரண்டு ஏஏ பேட்டரி போட்டால் பதினைந்து மணி நேரம்போல ஓடும், ஆனால் வெளி வெளிச்சம் இருந்தால்தான் படம் தெரியும். நான் வேலைக்குப் போகும் ஊதா மெட்ரோவில் எம்.ஜி. ரோட்டுக்குக் கிழக்கே தண்டவாளம் முழுக்க மேலேதான். காலை வெயில் ஜன்னல் வழியாக விழுந்தால் இந்தத் திரைக்கு அதைவிட நல்ல விளக்கு இல்லை. ஆபீஸ் முடிந்து இருட்டில் திரும்பும்போது அதே திரையைக் கண்ணருகே வைத்துத் தடவிப் பார்க்க வேண்டியிருக்கும். 2003இல் வந்த மடக்கும் எஸ்பி மாடலில் விளக்கும் சார்ஜரும் உண்டு, ஆனால் ஹெட்போன் குத்தும் துளை கிடையாது, அதற்குத் தனி அடாப்டர் வேண்டும். நிண்டெண்டோவின் அடுத்த கருவிகளான டிஎஸ், டிஎஸ் லைட் இரண்டிலும் கீழ்ப்பக்கத் துளையில் இந்தக் கேட்ரிட்ஜ் நுழையும். தனியாக ஆட அது தாராளமாகப் போதும்.

ஹெட்போனைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், மெட்ரோவில் சத்தம் வைத்து ஆடக்கூடாது.

முதல் ஆட்டத்துக்கு முன்

சாதாரண ஒற்றைக்கு ஒற்றை ஆட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எதிராளியை ஆட்டும் கணினியின் பலத்தை ஆகக் கீழே இறக்குங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பலத்தை ஏற்ற ஏற்றக் கணினி சரியான நொடியில் அமுக்கும் திறமையும் ஏறும், ஆரம்பத்திலேயே அதனோடு மோதினால் எதனால் தோற்றோம் என்றே தெரியாது.

பட்டன்கள் எளிது. பி சின்ன அடி, ஏ நடுத்தர அடி, இரண்டையும் சேர்த்து அமுக்கினால் பெரிய அடி. எதிராளியைப் பிடித்திருக்கும் நேரத்தில் இதே பட்டன்களோடு மேல், கீழ், பக்கவாட்டு என்று திசையைச் சேர்த்தால் வெவ்வேறு வித்தைகள் வரும். மேலே இரண்டு தோள்பட்டன்கள் இருக்கின்றன. ஓடுவது, மூச்சு வாங்குவது, விழுந்தவனை எழுப்புவது, அவன்மேல் படுத்து மூன்று எண்ணும்வரை அமுக்கிப் பிடிப்பது (இதைத்தான் 'பின்' போடுவது என்பார்கள்), இவையெல்லாம் எங்கெங்கே இருக்கின்றன என்று முதல் ஆட்டத்தில் நீங்களே அமுக்கிக் கண்டுபிடியுங்கள். ஜெயிக்க வேண்டாம், அந்த ஆட்டத்தைப் பட்டன் தேடுவதற்கென்றே ஒதுக்குங்கள். விரல் தானாகக் கண்டுபிடித்ததை விரல் மறக்காது. எழுதி வைத்துப் பார்த்து ஆடினால் சரியான நேரத்தில் கண் காகிதத்தில் இருக்கும்.

இன்னொன்றும் செய்யலாம். இரண்டு பக்கமும் கணினியையே ஆடவிட்டு ஒரு முழு ஆட்டத்தை வேடிக்கை பாருங்கள். ஒரு சண்டை எப்படித் தொடங்கி எப்படி வளர்ந்து எப்படி முடிகிறது என்று பார்த்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது. அண்ணன் மகனை இப்படி உட்கார வைத்தபோது, "நாம ஆடாம இதுல என்ன அத்தை இருக்கு" என்று முனகினான். பத்து நிமிடத்தில் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த ஒரு நொடி

இப்போது விஷயத்துக்கு வருவோம். இந்த ஆட்டத்தில் பிடிப்பதற்கென்று பட்டன் கிடையாது. நீங்கள் எதிராளியை நோக்கி நடக்கிறீர்கள், அவன் உங்களை நோக்கி நடக்கிறான். இருவரும் நெருங்கியதும் தாங்களாகவே கைகோத்துப் பிணைந்துகொள்வார்கள். அந்தப் பிணைப்பில் யார் சரியான கணத்தில் பட்டனை அமுக்குகிறார்களோ அவர்களுடைய வித்தை நடக்கும். முந்தி அமுக்கினால் செல்லாது. பிந்தினால் அதற்குள் நீங்கள் காற்றில் இருப்பீர்கள்.

அந்தக் கணம் எது? திரையை உற்றுப் பாருங்கள். இருவரும் கையை நீட்டுகிறார்கள். தோளோடு தோள் முட்டுகிறது. காலைத் தரையில் ஊன்றி, இடுப்பை வளைத்து, உடம்பைச் சற்று முன்னால் சாய்க்கிறார்கள். அந்தச் சாய்வு விழும் இடம்தான் கணம். கை நீட்டும்போது அமுக்கக் கூடாது. முட்டும்போதும் கூடாது. சாய்வு விழும்போது ஒரே ஒரு முறை அமுக்க வேண்டும்.

பெண்பிள்ளைகளோடு கயிறாட்டம் ஆடியவர்களுக்கு இது சீக்கிரம் வரும். இரண்டு பேர் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருப்பார்கள், நாம் வெளியே நின்று உடம்பை முன்னும் பின்னும் ஆட்டி, கயிறு தரையைத் தட்டும் நேரம் பார்த்து உள்ளே புகுவோம். யாரும் கணக்குப் போட்டுப் புகுவதில்லை, தட்டும் சத்தம் உடம்பில் இறங்கிவிடும். இங்கேயும் அதேதான்.

அண்ணன் மகனுக்கு நான் வைத்த பயிற்சி இது. முதலில் நான்கைந்து பிணைப்புகளுக்குப் பட்டனையே தொடாதே, வாயால் மட்டும் "இப்போ" என்று சொல். அவன் "இப்போ" என்று சொன்ன ஒவ்வொரு முறையும் அவனுடைய ஆளைத் தூக்கிப் போட்டார்கள், அது பரவாயில்லை. வாயும் திரையும் ஒத்துப்போன பிறகு கட்டைவிரலைச் சேர்த்தான். முதல் சரியான பாடி ஸ்லாம் விழுந்தபோது கட்டிலில் எழுந்து நின்றுவிட்டான். அவன் அம்மா சமையலறையிலிருந்து, "யாரடா அடிச்ச?" என்றாள்.

ஒரு தந்திரம் சொல்கிறேன். நேருக்கு நேர் போகாமல் சுற்றிப் பின்பக்கம் போனால் முதுகுப்பக்கப் பிடி கிடைக்கும், அதில் வேறு வித்தைகள் இருக்கின்றன. ஆனால் சுற்றுவது சுலபமில்லை. ரிங் சாய்வாக வரையப்பட்டிருப்பதால், கண்ணுக்கு ஒரே கோட்டில் இருப்பதாகத் தெரிபவன் உண்மையில் ஒரு அடி மேலேயோ கீழேயோ நிற்பான். குத்தும் உதையும் காற்றில் போவதற்கு இதுதான் காரணம். அடிக்கும் முன் இருவரின் பாதமும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். தலையைப் பார்க்காதீர்கள், பாதத்தைப் பாருங்கள்.

சின்னதிலிருந்து பெரியதற்கு

நேரம் பிடிபட்டதும் எல்லோருக்கும் ஒரு ஆசை வரும், எதிராளியை உயரத் தூக்கித் தரையில் அறையும் பவர்பாமை முதல் பிடியிலேயே போட வேண்டும் என்று. முடியாது. சரியான நொடியில் அமுக்கினாலும், களைக்காத எதிராளியிடம் பெரிய வித்தை போட்டால் அவன் அதைத் திருப்பி உங்களுக்கே போடுவான். முதலில் பி. கையை முறுக்குவது, தலையைக் கக்கத்தில் இறுக்குவது, சாதாரண எறிதல் என்று சின்னதாகவே போய்க்கொண்டிருங்கள். அவன் எழுந்திருக்க நேரம் எடுக்க ஆரம்பித்ததும் ஏ. தூக்கிப் பின்னால் எறியும் சூப்ளெக்ஸ், தலையைத் தரையில் மோதவைக்கும் டிடிடி வகையறா. இவையும் தடையில்லாமல் விழுந்து, அவன் தள்ளாடத் தொடங்கிய பிறகுதான் இரண்டு பட்டனும் சேர்த்து.

எப்போது மாறுவது என்று எப்படித் தெரியும்? திரையில் உயிர்க்கோடு கிடையாது. எத்தனை சதவீதம் மிச்சம் என்று சொல்லும் எந்தக் கோடும் கிடையாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்ததே அதுதான். ஆளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். விழுந்தவன் துள்ளி எழுகிறானா, முட்டி போட்டு எழுகிறானா, கிடந்தபடியே கிடக்கிறானா? அடி வாங்கிய இடத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கிறானா? ஒரு நடுத்தர வித்தையைப் போட்டுப் பாருங்கள். திருப்பினான் என்றால் இன்னும் நேரம் வரவில்லை, மறுபடி சின்னதற்கு இறங்குங்கள்.

உங்கள் ஆளுக்கும் இதே விதிதான். பெரிய வித்தைகளைத் தொடர்ந்து போட்டால் அவனுக்கும் மூச்சு இரைக்கும். மூச்சு வாங்கும் பட்டனை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். எதிராளியைக் கீழே போட்ட உடனே அவன்மேல் பாய வேண்டாம். இரண்டடி தள்ளி நின்று மூச்சு வாங்குங்கள். அந்த நேரத்தில் உங்கள் ஆள் எதுவும் செய்யாமல் நிற்பான், அருகில் நின்றால் எதிராளி எழுந்து வந்து பிடித்துவிடுவான், அதனால்தான் தள்ளிப் போவது. கீழே கிடப்பவனை உதைத்துக்கொண்டே இருக்கிற ஆளைவிட, ஒவ்வொரு வீழ்த்தலுக்கும் பிறகு மூச்சு வாங்குகிற ஆள் கடைசியில் ஜெயிப்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கணினியோடு மட்டுமில்லை, அண்ணனோடும்.

கை, கால், கயிறு

ஒரே இடத்தில் தொடர்ந்து வேலை செய்வது இன்னொரு வழி. கைக்குத்தான் சேதம் என்று முடிவு செய்துவிட்டால் ஆரம்பம் முதலே கை முறுக்கும் வித்தைகளையே போடுங்கள், கீழே விழுந்ததும் கையையே பூட்டுங்கள். கிடப்பவனுடைய தலைப்பக்கம் நின்று அமுக்கினால் ஒரு வித்தை, கால்பக்கம் நின்று அமுக்கினால் வேறு வித்தை, அதனால் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதும் தேர்வுதான். பூட்டு போடும்போது ரிங்கின் நடுவில் இருங்கள். கயிற்றுக்குப் பக்கத்தில் போட்டால் அவன் கயிற்றை எட்டிப் பிடிப்பான், ரெஃப்ரி வந்து பிரித்துவிடுவார், பட்ட பாடு வீண்.

இந்த ஆட்டத்தில் சப்மிஷனுக்கு, அதாவது பூட்டுப் போட்டு எதிராளியைப் பணியவைப்பதற்கு, இவ்வளவு மரியாதை ஏன் என்பதற்கு ஜப்பானிய ரெஸ்லிங்கின் பழைய கதைகளைப் பார்க்க வேண்டும். நீண்ட தாடையும் தோளில் சிவப்புத் துண்டுமாக ஒருவர் ஜப்பான் முழுக்கப் பிரபலம், அன்டோனியோ இனோக்கி. 1976 ஜூனில் முகமது அலியோடு மோதியவர். அதே ஆண்டு டிசம்பரில் கராச்சியில் அக்ரம் பயில்வானோடு மோதினார், இரட்டைக் கைப்பூட்டில் அக்ரமின் கை போய்விட்டது. நம் பக்கத்துப் பயில்வான் ஒருவருடைய கதை அங்கே இப்படிச் சேர்ந்திருக்கிறது. ஆட்டத்தில் வரும் வீரர்களில் பலர் இப்படி நிஜ ஆட்களின் சாயல்தான். உரிமம் வாங்காததால் பெயரை மட்டும் மாற்றியிருப்பார்கள், முகமும் உடையும் நடையும் காட்டிக்கொடுத்துவிடும்.

கயிற்றுக்கு வெளியே போய்ச் சண்டை போடலாம், ரெஃப்ரி எண்ண ஆரம்பிப்பார், அதற்குள் உள்ளே வந்துவிட வேண்டும். மூலைக் கம்பத்தில் ஏறிக் குதிக்கலாம். புதியவர்கள் இரண்டையும் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள். மேலே ஏறி நிற்கும் நேரத்தில் எதிராளி நகர்ந்துவிட்டால் விழுவது நீங்கள்.

பின் போடுவதிலும் பொறுமைதான். மூன்று எண்ணுவதற்குள் அவன் எழுந்தால் உங்களுக்கு நேரம் நஷ்டம். பெரிய வித்தை ஒன்று முழுதாக விழுந்த பிறகு போடுங்கள். ஒரு எச்சரிக்கை: எப்போதாவது ஒரு அடி விழுந்ததும் திரையில் கிரிட்டிக்கல் என்ற எழுத்து பளிச்சென்று வரும், அதோடு ஆட்டம் முடிந்தது. அதுவரை நீங்கள் எவ்வளவு நன்றாக ஆடியிருந்தாலும் சரி. முதல்முறை இது நடந்தால் எரிச்சல் வரும். நிஜத்திலும் ஒரு தவறான இறக்கத்தில் ஆட்டம் முடிவது உண்டு என்பதால் நான் இதை ஏற்றுக்கொள்கிறேன். அண்ணன் இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை.

யாரை எடுப்பது

200க்கும் மேற்பட்ட வீரர்கள், அவர்களில் ஒரு பகுதி ஆரம்பத்தில் மறைந்திருப்பார்கள். தொண்ணூறுகளில் டபிள்யூடபிள்யூஎஃப் ட்ரம்ப் கார்டு விளையாடிய தலைமுறைக்கு ஒரு பழக்கம் உண்டு: உயரம், எடை, மார்பு, பைசெப்ஸ் எது பெரிதோ அந்தச் சீட்டே ராஜா. அந்தக் கணக்கில் இங்கே ராட்சத உருவத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ராட்சதர்கள் மெதுவாக நடப்பார்கள், எழுந்திருக்கவும் நேரம் எடுக்கும், நேரம் பிடிபடாத விரலுக்கு அவர்கள் பாரம். தரையிலேயே சண்டை போடும் ஷூட்டர் வகை ஆட்களும் இப்போது வேண்டாம். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்த நடுத்தர உடம்புக்காரன் ஒருவனை எடுத்து, அவனோடேயே சில வாரம் இருங்கள். அவனுடைய ஒவ்வொரு பட்டனிலும் என்ன வித்தை இருக்கிறது என்று மனப்பாடம் ஆக வேண்டும். ஆளை மாற்றிக்கொண்டே இருந்தால் எந்த வித்தையும் கையில் நிற்காது.

ஜனங்களுக்காக ஆடுவது

ஜெயிக்கத் தெரிந்த பிறகு ஆடியன்ஸ் முறைக்கு வாருங்கள். நான் இந்தக் கேட்ரிட்ஜை இத்தனை வருடம் கழித்தும் பையில் வைத்திருப்பதற்கு இதுதான் காரணம். இதில் வெற்றி மட்டும் போதாது. கூட்டம் ரசித்ததா என்று சதவீதத்தில் மதிப்பெண் வரும். ஒரு கூட்டத்துக்குப் பறந்து பறந்து அடிப்பது பிடிக்கும், இன்னொரு கூட்டத்துக்கு ரத்தம் வேண்டும், வேறொரு கூட்டம் பொறுமையான பிடிகளையே எதிர்பார்க்கும்.

இங்கே வந்ததும் நன்றாக ஆடுபவர்கள் தடுமாறுவார்கள். ஏனென்றால் எதிராளியை எழவே விடாமல் ஐந்து நிமிடத்தில் முடிப்பவனுக்கு இங்கே மதிப்பெண் வராது. கொடுக்கவும் வேண்டும், வாங்கவும் வேண்டும். அதனால் நான் சில பிடிகளை வேண்டுமென்றே விட்டுவிடுவேன். சாய்வு விழுகிறது, பட்டனைத் தொடமாட்டேன். அவன் என்னைத் தூக்கிப் போடட்டும். அவனுடைய இரண்டு மூன்று நல்ல வித்தைகள் கூட்டத்துக்குத் தெரியட்டும். அப்புறம் நான் மெதுவாக எழுவேன். அங்கிருந்து சின்னது, நடுத்தரம், பெரியது என்று ஏறி முடித்தால் மதிப்பெண் சரியாக வரும். ஒரே வித்தையைத் திரும்பத் திரும்பப் போடாமல், பின் போட்டதிலிருந்து ஒரு முறையாவது அவனைத் தப்பவிட்டு, பிறகு முடிப்பது இன்னும் நல்லது.

அண்ணன் மகனுக்கு இது சுத்தமாகப் புரியவில்லை. "வேணும்னே அடி வாங்கணுமா?" என்றான். ஆமாம், அளவோடு. எவ்வளவு வாங்கலாம் என்பதற்குத்தான் மேலே சொன்ன ஆளைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். இங்கே பார்க்க வேண்டியது உங்களுடைய ஆளை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தால் தானம் கொடுத்தது போதும், திருப்பி அடிக்க ஆரம்பியுங்கள்.

சொந்தமாக ஆள் செய்வது

எடிட் பகுதியில் உங்கள் வீரனை நீங்களே செய்யலாம். முகம், உடம்பு, உடை, வித்தைகள் எல்லாம் தேர்ந்தெடுக்கலாம். அதைவிடச் சுவை கணினி அவனை ஆட்டும்போது எந்த நிலையில் எந்த வித்தையை எத்தனை சதவீதம் போட வேண்டும் என்று நீங்கள் நிர்ணயிப்பது. இங்கே ஆசைப்பட்டு எல்லாப் பெரிய வித்தைகளுக்கும் அதிக சதவீதம் கொடுத்தால் உங்கள் வீரன் ஆரம்பத்திலேயே பவர்பாமுக்குப் போய்த் திருப்பி வாங்குவான். எதிராளி தெம்பாக இருக்கும்போது சின்ன வித்தைகளுக்கு அதிகம், களைத்த பிறகு பெரியவற்றுக்கு அதிகம் என்று பிரித்துக் கொடுங்கள். மூச்சு வாங்கவும் பங்கு ஒதுக்க மறக்க வேண்டாம். பிறகு இரண்டு பேரைச் செய்து மோதவிட்டு நீங்கள் காபி குடிக்கலாம். எங்கள் வீட்டில் ஒரு மழைக்கால ஞாயிறு முழுக்க இது நடந்தது. வேட்டி மாதிரி தெரியும்படி ஒரு வெள்ளை உடையை அண்ணன் கண்டுபிடித்தான், அவனுடைய வீரன் தோற்றுக்கொண்டே இருந்தான்.

இருவர் ஆட வேண்டுமென்றால் கருவி இரண்டு, கேட்ரிட்ஜ் இரண்டு, நடுவில் இணைக்கும் கேபிள் ஒன்று வேண்டும். டிஎஸ் இதற்கு உதவாது, அதில் கேபிள் குத்த இடமில்லை. கேபிளை இழுத்தபடி கட்டிலில் குதிக்கும் வயதுப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் தரையில் உட்கார்ந்து ஆடச் சொல்லுங்கள், நடு ஆட்டத்தில் கழன்றால் அந்த ஆட்டம் போனதுதான். எடிட் செய்த ஆட்களைச் சேவ் செய்யும்போது திரையில் வேலை முடிந்ததாகக் காட்டும்வரை சுவிட்சைத் தொடாதீர்கள். முதல் மாடலில் பேட்டரி தீரப்போகும்போது பக்கத்து விளக்கு பச்சையிலிருந்து சிவப்பாகிவிடும். சிவப்பு வந்தபிறகு எடிட் வேலையை எடுக்காதீர்கள், முதலில் இரண்டு புது ஏஏ போடுங்கள்.